இந்த மரம் எப்படிச் செத்தது? பசுமைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பசுமைக் குழுக்களின் தலைவர்களான மாவட்ட ஆட்சியர்களுக்கும் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொது இடத்தில் நிற்கும் மரத்தை வெட்டவேண்டும் என்றால் அந்த மனு உங்களிடம்தான் வரவேண்டும். பச்சை மரமாக இருந்தால் நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள். ஏன் வெட்டவேண்டும், வேறு வழி இல்லையா, பதிலுக்குப் பத்துக் கன்றுகளை எங்கே நடப்போகிறீர்கள் என்று. அதற்கு நன்றி. ஆனால் மனுவில் ‘பட்டுப்போன மரம்’ என்று எழுதியிருந்தால் நான் பார்த்தவரை அந்தக் கேள்விகள் எழுவதில்லை. காய்ந்துவிட்டது, சாய்ந்தால் ஆபத்து, வனத்துறை மதிப்புப் போடட்டும், ஏலம் விட்டுவிடலாம். அதோடு சரி. நல்லா நின்ற மரம் எப்படிப் பட்டுப்போனது என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்கத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று பிழைப்பு ஓடுகிறது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டமரங்களைத் தேடிப் போவது பல வருடப் பழக்கம். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, ராயக்கோட்டை, பாலக்கோடு, அரூர், தேன்கனிக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்திலும் சுற்றியிருக்கிறேன். “பட்டமரத்தப் போய் ஏண்ணா படம் எடுக்கறீங்க, நல்லதில்லியே” என்று கேட்பவர்கள் உண்டு. அழகுக்காகத்தான் ஆரம்பித்தேன். இலை மறைக்காததால் ஒவ்வொரு கிளையும் எந்தப் பக்கம் வெளிச்சம் தேடிப் போனது, எங்கே முறிந்து மறுபடி துளிர்த்தது என்பதெல்லாம் அப்படியே தெரியும். இப்போதெல்லாம் கல்யாண ஜோடிகளே காய்ந்த ஏரிக்குள் நிற்கும் பட்ட கருவேல மரத்தடியில் படம் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள்.

ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் டெட்விலே என்றொரு களிமண் பள்ளம் இருக்கிறது. பல நூறு வருடங்களுக்கு முன்பு செத்த மரங்கள், மட்கிப்போவதற்குக்கூட ஈரமில்லாமல் இன்னும் அங்கே நிற்கின்றன. அவற்றைப் படமெடுக்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் போகிறார்கள். மணல்மேடு நகர்ந்து வந்து ஆற்றுத் தண்ணீரை அடைத்ததால் செத்த மரங்கள் அவை. மனிதர் யாரும் கொல்லவில்லை. நம்ம ஊர் பட்டமரங்களை அப்படி அழகு மட்டும் பார்த்துவிட்டு வர என்னால் முடியவில்லை. பெரும்பாலானவற்றில் மனிதக் கை பட்ட தடம் இருக்கிறது.

அந்தத் தடத்தை எப்படிக் கண்டேன் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு அது பயன்படும். உச்சிவெயிலில் எடுத்த படத்தில் மரம் தட்டையாக, ஒரே நிறமாகத் தெரியும். காலை ஏழு மணிக்கு முன்னால் வெயில் பக்கவாட்டில் தண்டை உரசிக்கொண்டு போகும். அப்போது பட்டையில் உள்ள விரல் கனப் பள்ளத்துக்குக்கூட நிழல் விழும். அந்த வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் முழங்கால் உயரத்தில் தண்டைச் சுற்றி ஒரு வளையம் இருப்பது தெரிந்தது. அரிவாளால் பட்டையைக் கொத்தி எடுத்த வளையம். ஒரு மரத்தில் பார்த்த பிறகு மற்ற படங்களையும் எடுத்துத் தேடினேன். சாலையோரப் புளியில் இருந்தது. புதிதாகக் கட்டிய கடைக்கு முன்னால் நின்ற வேம்பில் இருந்தது. வீட்டுமனை போட்ட இடத்தின் ஓரத்தில் நின்ற புங்கனில் இருந்தது. மரம் மறைத்துக்கொண்டிருந்தது எது என்று பார்த்தால் கடையின் பெயர்ப்பலகையாக இருக்கும், இல்லாவிட்டால் மனைக்குப் போகும் வழியாக இருக்கும்.

இலை காய்ச்சும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த உள்பட்டையை ஒரு சுற்று முழுதாக வெட்டிவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். தண்ணீர் மட்டும் உள்ளே இருக்கும் கட்டை வழியாக மேலே போய்க்கொண்டிருப்பதால் இலை உடனே வாடாது. மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். சில மரங்கள் அந்த வருடம் வழக்கத்தைவிட அதிகமாகப் பூத்துக் காய்க்கும், பார்ப்பவர்கள் மகசூல் நல்லா இருக்கு என்பார்கள். வேரில் சேர்த்துவைத்திருந்தது தீர்ந்ததும் ஒரு கோடையில் மொத்தமாகக் காய்ந்துவிடும். வெட்டியவன் கைக்கும் மரம் சாகும் நாளுக்கும் நடுவில் ஒரு வருடம், இரண்டு வருடம் போய்விடுகிறது. அதனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கடைசியில் ஊராரே மனு கொடுக்கிறார்கள், மரம் பட்டுப்போச்சு, குழந்தைகள் போகிற வழி, வெட்டிவிடுங்கள் என்று. மனு உண்மையானது, ஆபத்தும் உண்மையானது. கொன்றவன் மட்டும் அதில் இல்லை.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பச்சை மரத்தைக் காக்க நீங்கள் விதியை எவ்வளவு இறுக்குகிறீர்களோ, அவ்வளவுக்கு மரத்தை முதலில் பட்டுப்போகச் செய்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்பது சுலபமான வழியாகிவிடுகிறது. விதியைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பட்டமரத்தையும் விதிக்குள் கொண்டுவாருங்கள் என்கிறேன்.

வளையம் போட்டுக் கொன்றதைவிடத் தீ வைத்துக் கொன்றது அதிகம். நெடுஞ்சாலையோரம் புளியமரத்தடியில் குப்பையைக் குவித்துக் கொளுத்துவார்கள். ஒரு முறை கொளுத்தினால் மரம் தாங்கும். தினமும் கொளுத்தினால் பட்டை வெந்து, அந்தப் பக்கம் பொந்து விழுந்து, பிறகு ஒரு காற்றில் சாயும். அன்றைக்குச் செய்தித்தாளில் ‘சூறைக்காற்றில் மரம் விழுந்தது’ என்று வரும். விழுந்த மரங்களின் அடிக்கட்டையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், உள்ளே கரி அப்படியே இருக்கிறது.

சாலை அகலப்படுத்தும்போது தப்பித்த மரங்களும் தப்பித்ததாகச் சொல்ல முடியாது. மரத்துக்கு உணவும் தண்ணீரும் தேடித்தரும் வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள்தான் படர்ந்திருக்கிறது. கிளை பரவிய எல்லையையும் தாண்டிப் போகிறது. கழிவுநீர்க் கால்வாய்க்கும் கேபிளுக்கும் ஜேசிபி தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் மொத்தமாகப் போய்விடும். மிச்சமிருக்கும் பக்கத்தில் தண்டுவரை சிமெண்ட் போட்டு மூடுவார்கள். தண்டில் காயமே இல்லாமல் சாகும் மரம் இது. காரணம் கண்டுபிடிக்க அடியைச் சுற்றி இருக்கும் தரையையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும்.

கத்தியோ தீயோ இல்லாமல் செத்தவையும் ஏராளம். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அதையொட்டி எடுத்த படங்களில் காவேரிப்பட்டணம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் இருக்கின்றன. மட்டைகள் முதலில் தொங்கி, பிறகு உதிர்ந்து, கடைசியில் தலையே விழுந்து வெறும் கம்பங்களாக வரிசை வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்கு நடுவில் புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் மண் குவியலும் ஒரே படத்தில் விழுந்திருக்கிறது. மழை பொய்த்தது இயற்கை. ஆனால் ஒரே நிலத்தடி நீரை ஆளாளுக்கு ஆழப்போய் உறிஞ்சியதும், ஏரிக்கு வரும் வாய்க்காலை மூடியதும் நாம் செய்தவை. நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். அந்த மரங்களுக்கு எதிராக ஒரு தனி ஆளைக் குற்றம் சாட்ட முடியாது. ஆனாலும் காரணம் என்று எழுதும் இடத்தில் ‘வறட்சி’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தக் கூடாது. அந்த ஊர் ஏரி எப்போது கடைசியாக நிரம்பியது என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

 

செத்ததாக நினைத்து நாம் வெட்டும் உயிருள்ள மரங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வேம்புக்கு நுனிக்கருகல் நோய் வருகிறது. ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையால் வருவது. மழைக்காலம் முடியும் தறுவாயில் கிளை நுனியெல்லாம் நெருப்பில் காட்டியது போல் கருகி நிற்கும். பார்த்தால் மரமே போய்விட்டது என்றுதான் தோன்றும். ஆனால் கோடை தொடங்கும்போது பல மரங்கள் மறுபடி துளிர்க்கின்றன. கருகிய வேம்பை ஒரே இடத்தில் நின்று தை மாதத்திலும் சித்திரையிலும் எடுத்த படங்கள் என்னிடம் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. இரண்டாவது படம் எடுக்கப் போனபோது மரமே இல்லாத இடங்களும் உண்டு. அதற்குள் வெட்டியிருந்தார்கள். நகத்தால் சின்னக் கிளையின் தோலைச் சுரண்டிப் பார்த்தால் போதும், அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. ஆய்வுக்கு வரும் அலுவலர் ஒரு நிமிடம் செலவழித்தால் போதும். அஞ்செட்டி மலைப்பாதையில் மாசி, பங்குனியில் போனால் காடே பட்டுப்போனது போல் இருக்கும். முதல் மழைக்குப் பிறகு அதே காட்டைப் போய்ப் பாருங்கள்.

இவ்வளவையும் எதற்காகப் படமெடுத்து வைக்கவேண்டும், பதிலுக்கு ஒரு கன்று நட்டால் ஆகாதா என்று கேட்கிறார்கள். நடவேண்டும்தான். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியபோது மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது என்று இலக்கு வைத்தார்கள், அது நிறைவேற வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் முன்பு நின்ற மரம் ஏன் செத்தது என்று தெரியாமல் அதே குழியில் நட்ட கன்று, அதே காரணத்தால் அதே இடத்தில் சாகும். குப்பை எரிக்கும் இடத்தில் நட்டால் எரியும். வேர் இறங்க மண்ணில்லாத இடத்தில் நட்டால் கூண்டுக்குள்ளேயே காயும். காய்ந்த கன்றைச் சுற்றி நிற்கும் கம்பிக் கூண்டுகளையும் நான் படமெடுத்திருக்கிறேன்.

சாலையோரம் வெட்டிப்போட்டிருந்த ஒரு புளியை எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் திண்ணையில் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எழுந்து வந்தார். “இந்த மரத்துப் புளி செவசெவன்னு இருக்கும் தம்பி. இதைக் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. ஏலம் எடுக்கறவங்க இதுக்குத்தான் முதல்ல ஏணி போடுவாங்க” என்றார். எந்த வருடம் காய்ப்பு அதிகம், எந்தக் கிளை மின்னலில் போனது என்று அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. துண்டு போட்டிருந்த தண்டில் நெடுஞ்சாலைத் துறை வெள்ளையடித்துக் கறுப்பில் எழுதிய எண் இன்னும் அழியாமல் இருந்தது. அடிக்கட்டை கறிக்கடைக்குப் போகும், கிளை சூளைக்குப் போகும். அந்த எண்ணுக்கு நேராக ஏலத் தொகை எழுதப்படும். வருடா வருடம் மகசூல் ஏலம் விட்ட ஒரு மரத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரிகூட அரசிடம் இருக்காது என்பது எனக்கு மிகவும் வலித்தது.

நாம் வாழ்வது நடுகல் மண். ஆநிரை மீட்கச் செத்தவனுக்கும், புலியோடு பொருது செத்தவனுக்கும், யார், எங்கே, எதற்காகச் செத்தார் என்று கல்லில் வெட்டி நட்டவர்கள் இந்தப் பக்கத்து மனிதர்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அப்படிப்பட்ட கற்களைப் பார்க்கலாம். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் நாய்க்கும் உருவம் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதை எழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடம் கழித்து அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஒரு நாய் காவல் நின்றதைக்கூடக் கல்லில் எழுதிவைத்த மண்ணில், மூன்று தலைமுறைக்குப் புளியும் நிழலும் கொடுத்த மரம் செத்ததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கவேண்டாமா?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. பட்டமரத்துக்கு அனுமதி கேட்கும் மனுவோடு நான்கு வகைப் படங்கள் கட்டாயம் வேண்டும் என்று சொல்லுங்கள். முழு மரம், நான்கு பக்கமும் தெரியும்படி அடித்தண்டு, சுற்றியுள்ள தரை, எண் எழுதிய பகுதி. கைப்பேசிப் படமே போதும், காலையிலோ மாலையிலோ எடுத்ததாக இருக்கட்டும். ஆய்வு செய்யும் அலுவலர் சாவுக்கான காரணத்தைத் தன் கண்ணால் பார்த்து எழுதட்டும்: பட்டை உரிப்பா, தீயா, வேர் வெட்டா, நோயா, தண்ணீர் இல்லாமையா, முதுமையா. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதட்டும். மனிதக் கை என்று தெரிந்த இடத்தில், அந்த மரம் நின்ற இடத்தை யாருக்கும் வழியாகவோ முகப்பாகவோ திறந்துவிடாமல் அங்கேயே இன்னொரு மரம் வளரும்வரை உங்கள் பொறுப்பில் வையுங்கள். மரத்தைக் கொன்றால் இடம் கிடைக்காது என்பது ஊருக்குள் ஒரு முறை தெரிந்துவிட்டால் அரிவாள் வேகம் தானாகக் குறையும் என்று நம்புகிறேன். பனைக்கும் இதைச் செய்யுங்கள். நம் மாநில மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021லேயே அரசு சொல்லிவிட்டது.

அப்புறம், எல்லாப் பட்டமரத்தையும் வெட்டியே ஆகவேண்டும் என்றில்லை. சாலையோரம், மின்கம்பிக்குக் கீழே, பள்ளிக்கூட வாசலில் நிற்பதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் யார் தலையிலும் விழாத இடத்தில் நிற்பதை ஏன் விறகு விலைக்குக் கொடுக்கவேண்டும்? தலை போன மொட்டைப் பனையில் பனங்காடை கூடு வைக்கிறது. தலை விழுந்த தென்னையின் பொந்தில் பச்சைக்கிளி குஞ்சு பொரிக்கிறது. மரங்கொத்தியும் குக்குறுவானும் காய்ந்த கிளையில் துளை போட்டுக் குடியிருந்து விட்டுப்போன பிறகு அதே துளைக்கு மைனாவும் ஆந்தையும் வரும். பச்சை மரத்தின் கெட்டிக் கட்டையைக் கொத்தத் தெரியாத பறவைகளுக்குப் பட்டமரம்தான் வீடு. 2000 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் காய்ந்த, நோயுற்ற, காற்றில் விழுந்த மரங்களைக்கூட அகற்றக் கூடாது என்று தடை விதித்தது. நம் இரண்டு மாவட்டத்திலும் பரந்திருக்கும் காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களில் பட்டமரத்துக்கு இருக்கும் மரியாதையில் கொஞ்சம் ஊர் ஏரிக்கரைக்கும் வரட்டும்.

என் படங்கள் முழுவதையும் உங்களுக்குத் தருகிறேன். எடுத்த தேதி, இடம் இரண்டும் படத்திலேயே பதிவாகியிருக்கின்றன. காசோ, பெயர் போடுவதோ வேண்டாம். அந்தப் படங்களில் உடனே பார்க்க வேண்டியவை என்று ஒரு தொகுப்பைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அவை இன்னும் சாகாத மரங்கள். பட்டை உரித்திருக்கிறார்கள், ஆனால் இலை பச்சையாக இருக்கிறது. சிலவற்றில் வளையம் முழுச் சுற்று வரவில்லை, ஒரு கை அகலம் பட்டை மிச்சமிருக்கிறது. காயத்தைக் காயவிடாமல் மூடிப் பராமரித்தால் அவை பிழைக்க வாய்ப்பு உண்டு. முழு வளையம் விழுந்தவற்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. அதே மரத்தின் இளங்குச்சிகளை வெட்டி, காயத்துக்குக் கீழ்ப்பட்டையையும் மேல்பட்டையையும் இணைத்துப் பாலம் போல ஒட்டுக் கட்டினால் உணவு மறுபடி வேருக்கு இறங்கும். நாள் கடந்துவிட்டால் இது பலிக்காது. சந்தூர் நாற்றுப்பண்ணைகளில் மாங்கன்று ஒட்டுக் கட்டிப் பழகிய கைகள் எத்தனையோ இருக்கின்றன. தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவரையும் அங்கிருந்து இரண்டு பேரையும் என்னோடு அனுப்புங்கள். மரங்கள் நிற்கும் இடத்துக்கு நானே அழைத்துப் போகிறேன். அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே அனுப்ப முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு படப்பிடிப்பாளர்